லயத்து முற்றத்தில் ஒரு மழைமானி: மண்சரிவைக் கவனிக்கத் தொடங்குவோருக்கு

"ராவு பூரா சரியான மழை" என்று காலையில் பீலிக்கரையில், தண்ணீர் பிடிக்கும் இடத்தில், பேசிக்கொள்கிறோம். எவ்வளவு மழை என்று கேட்டால் யாரிடமும் பதில் இருக்காது. ஆனால் இலங்கையின் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடும்போது எண்களில்தான் பேசுகிறது: 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர், 100 மில்லிமீற்றர், 150 மில்லிமீற்றர். நம் லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு) மேலே எத்தனை மில்லிமீற்றர் விழுந்தது என்று நமக்கே தெரியாவிட்டால், அந்த எண்களால் நமக்குக் கிடைக்கும் பயன் பாதிதான்.

தரம் 8 முதல் 11 வரை படிக்கும் மாணவர்களையும், பாடசாலையில் சூழல் கழகம் நடத்தும் புதிய ஆசிரியர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். தேவைப்படுவது ஒரு வெற்றுப் போத்தல், ஒரு கொப்பி, தினமும் சில நிமிடங்கள். கணக்குப் பாடத்தில் வட்டத்தின் பரப்பளவு எதற்கு என்று கேட்பவர்களுக்கும் இதில் விடை உண்டு.

சொந்த மழைமானி எதற்கு?

மலைநாட்டில் மழை பங்கு பிரித்துப் பெய்வதில்லை. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவப்பெயர்ச்சிக் காலத்தில் கினிகத்தேனை, வட்டவளை, நோர்ட்டன் பக்கம் துணி காய வழியிருக்காது. அதே நாட்களில் மலைத்தொடரைத் தாண்டி வெலிமடை, பண்டாரவளைப் பக்கம் பெரும்பாலும் காற்றுத்தான் அடிக்கும். டிசெம்பரில் வடகீழ் பருவப்பெயர்ச்சி வந்ததும் பதுளை, பசறை, லுணுகலைக்கு முறை வரும். ஒக்டோபர், நவம்பர் மாதங்களின் இடைப்பருவ மழை இன்னும் மோசம். பின்னேரம் இடியோடு கொட்டும். மேல்கணக்கில் (தோட்டத்தின் மேற்பிரிவில்) கொட்டிவிட்டுப் பணியக்கணக்கில் (கீழ்ப்பிரிவில்) தூறல்கூடப் போடாமல் போவதும் உண்டு. அரச மழைமானி அடுத்த மலைக்கு அந்தப் பக்கம் இருந்தால், அது காட்டும் எண் உங்கள் சரிவின் எண் அல்ல.

2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை, மீரியபெத்தைத் தோட்டத்து லயங்களை மண் மூடியது இந்த இடைப்பருவ மழையில்தான். 2016 மே மாதம் அரநாயக்கவில் சாமசர மலை இறங்கியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது கண்டி, மாத்தளை, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் எத்தனையோ சரிவுகள் ஒரே நேரத்தில் இறங்கின. மீரியபெத்தை ஆபத்தான இடம் என்று பல ஆண்டுகளுக்கு முன்பே சொல்லப்பட்டிருந்ததையும் இங்கே சொல்லவேண்டும். ஆபத்து என்று தெரிவது ஒன்று, போக வேறு வீடும் காணியும் கிடைப்பது இன்னொன்று. இரண்டாவதைப் போத்தல் தந்துவிடாது. இந்த இரவு வீட்டில் படுப்பதா, வெளியேறுவதா என்று முடிவெடுக்க மட்டும் அது உதவும்.

மலை ஏன் இறங்குகிறது?

நம் மலைகளின் அடியில் இருப்பது மிகப் பழைய உருமாறிய பாறை. அதன் மேற்பகுதி காலங்காலமாக வானிலையாலழிந்து மண்ணாகியிருக்கிறது. சில இடங்களில், முன்னொரு காலத்தில் சரிந்து வந்த கல்லும் மண்ணும் அடுக்காகக் கிடக்கும். பார்க்க மெல்லிய சரிவாக, தேயிலை நட ஏற்றதாக இருக்கும். ஏற்கெனவே ஒருமுறை நகர்ந்த மண் அது. மறுபடியும் நகர அதற்கு அதிகம் தேவையில்லை.

மண் துகள்கள் ஒன்றையொன்று உரசிப் பிடித்துக்கொண்டிருப்பதால்தான் சரிவு நிற்கிறது. துகள்களுக்கு இடையே உள்ள சிறு இடைவெளிகளில் முதலில் காற்று இருக்கும். மழைநீர் இறங்க இறங்கக் காற்று வெளியேறி நீர் நிரம்புகிறது. அடியில் உள்ள பாறையில் முட்டி நின்ற நீர் மேல்நோக்கித் தள்ளத் தொடங்குகிறது. இதைத் துளைநீர் அமுக்கம் என்பார்கள். அந்த அமுக்கம் கூடும்போது துகள்களின் பிடி தளர்கிறது. நீரின் பாரமும் சேர்ந்து மண்ணைக் கீழே இழுக்கிறது. பிடியை விட இழுவை கூடும் கணத்தில் மலை இறங்குகிறது.

இதிலிருந்து இரண்டு விடயங்கள் விளங்கும். முதலாவது, இன்றைய மழை மட்டும் கணக்கல்ல. நாலு நாளாக ஊறிய மண்ணுக்கு இன்று சிறிய மழையே போதும். மழை விட்ட பிறகும் நீர் உள்ளே இறங்கிக்கொண்டிருப்பதால், வெயில் எறித்த உடனே ஆபத்து நீங்கிவிடாது. இரண்டாவது, மண்ணுக்குள் நீர் போகும் வழியெல்லாம் முக்கியம். கான் வெட்டித் துப்புரவாக வைத்திருந்த காலத்தில் மழைநீர் கானோடு ஓடிவிடும். சருகும் பிளாத்திக்குப் பையும் அடைத்த கானில் நீர் தேங்கி, இருக்கும் இடத்திலேயே மண்ணுக்குள் இறங்குகிறது. உடைந்த தண்ணீர்க் குழாயும் குளிக்கும் இடத்துக் கழிவுநீரும் இதைத்தான் செய்கின்றன.

போத்தலைத் தயார்செய்தல்

1.5 லீற்றர் சோடாப் போத்தல் ஒன்றை எடுங்கள். நடுவில் இடுப்பு ஒடுங்கிய போத்தல் வேண்டாம். சுவர் நேராக இருப்பதையே தேடுங்கள். தோள்ப்பகுதி வளையத் தொடங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே வட்டமாக வெட்டுங்கள். மேல் துண்டின் மூடியைக் கழற்றி, தலைகீழாகக் கவிழ்த்துக் கீழ்த் துண்டின் வாய்க்குள் வையுங்கள். புனல் தயார். இரண்டு விளிம்பும் ஒன்றாகப் பொருந்தும்படி ஒட்டுநாடாவால் சுற்றிவிடுங்கள். அளக்கும்போது கழற்றவேண்டும் என்பதால் மிகவும் இறுக்கவேண்டாம். புனல் வைப்பதற்குக் காரணம், விழுந்த நீர் வெயிலில் ஆவியாகாமல் இருக்கவும் சருகு விழாமல் இருக்கவும்தான்.

அளப்பதற்கு இரண்டு வழி உண்டு. போத்தலின் பக்கத்தில் அடிமட்டத்தை ஒட்டி ஆழத்தைப் படிப்பது ஒன்று. பாடப்புத்தகங்களில் பெரும்பாலும் இதுதான் வரும். எனக்கு இதில் நம்பிக்கை குறைவு. போத்தலின் அடி குழிந்தும் மேடாகவும் இருப்பதால் சிறுகல் போட்டு நீர் நிரப்பி ஒரு பூச்சியக் கோடு கீறவேண்டும். அந்தக் கோடு ஒருநாள் அழியும், ஒருநாள் யாராவது கல்லோடு கொட்டிவிடுவார்கள்.

சேர்ந்த நீரின் கனவளவை அளப்பது மற்ற வழி. ஒரு தடவை கணக்குப் பார்த்தால் போதும். போத்தலின் வாயைச் சுற்றி நூலைச் சுற்றி, நூலின் நீளத்தை அடிமட்டத்தில் பாருங்கள். சுற்றளவு 28.3 சென்ரிமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். அந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கி 12.57ஆல் வகுத்தால் வாயின் பரப்பளவு கிடைக்கும்: ஏறக்குறைய 63.7 சதுர சென்ரிமீற்றர். (12.57 என்பது π (பை) என்ற எண்ணின் நான்கு மடங்கு. சுற்றளவிலிருந்து பரப்பளவுக்கு எப்படி வருகிறது என்பதை நீங்களே நிறுவிப் பாருங்கள்.) 1 மில்லிமீற்றர் என்பது 0.1 சென்ரிமீற்றர். ஆகவே 1 மில்லிமீற்றர் மழைக்கு இந்தப் போத்தலில் 6.37 மில்லிலீற்றர் நீர் சேரும்.

நீரை அளக்க ஆய்வுகூடக் குழாய் தேவையில்லை. மில்லிலீற்றர் குறியிட்ட சூப்பிப் போத்தல் நன்றாக வேலை செய்யும். சிறு மழைக்கு மருந்துச் சிரிஞ்சி போதும். இரண்டும் இல்லையென்றால் கடைத் தராசு இருக்கிறது. 1 மில்லிலீற்றர் நீர் 1 கிராம். அளந்ததை 6.37ஆல் வகுத்தால் மழை மில்லிமீற்றரில் வந்துவிடும்.

இப்போது உங்கள் போத்தலுக்கான மூன்று எண்களைக் கணித்து, சுவரில் ஒட்டிவையுங்கள். மேலே சொன்ன அளவுப் போத்தலுக்கு 75 மில்லிமீற்றர் என்றால் 478 மில்லிலீற்றர், 100 என்றால் 637, 150 என்றால் 956. படிக்கத் தெரியாத பாட்டிகூட "தண்ணி இந்த அளவு வந்துருச்சு" என்று சொல்லும்படி, போத்தலின் வெளிப்புறத்தில் அந்த மூன்று மட்டங்களையும் நிறத்தில் கோடு போட்டுவிடலாம். நீரை அளந்து ஊற்றிப் பார்த்துக் கோடு போடுங்கள், கணக்கை மட்டும் நம்பிப் போடவேண்டாம்.

எங்கே வைப்பது?

லயத்தில் இதுதான் சிக்கல். முற்றம் ஒடுக்கம், தலைக்கு மேலே தகரம், பக்கத்தில் சவுக்கு மரம். விதி இதுதான்: பக்கத்தில் உள்ள எந்தப் பொருளும் எவ்வளவு உயரமோ, அதைப்போல் இரண்டு மடங்கு தூரம் தள்ளியிருக்கவேண்டும். கூரை 3 மீற்றர் உயரம் என்றால் 6 மீற்றர் தள்ளி. மரக்கறித் தோட்டத்து வேலிக்கம்பம், கோயில் முன்றல், பிரட்டுக்களம், பாடசாலை மைதானத்தின் ஓரம் எல்லாம் பொருந்தும். கம்பத்தில் இடுப்பளவு உயரத்தில் கட்டுங்கள். நிலத்தோடு வைத்தால் மண்ணில் பட்டுத் தெறிக்கும் நீரும் உள்ளே போகும். போத்தலின் வாய் கம்பத்தின் தலையை விட மேலே, சரியாக மட்டமாக இருக்கவேண்டும்.

கறுத்த மேகம் வந்ததும் ஆட்டுக்குட்டி கட்டும் கயிறாலாவது கட்டிவிடுங்கள். காற்று முதலில் எடுத்துப் போவது மழைமானியைத்தான்.

எப்போது அளப்பது, எப்படி எழுதுவது?

வளிமண்டலவியல் திணைக்களம் காலை 8.30க்கு அளந்த மழையைத்தான் அந்த நாளின் 24 மணி நேர மழை என்று வெளியிடுகிறது. அதோடு ஒப்பிடவேண்டுமானால் நீங்களும் 8.30க்கு அளக்கவேண்டும். பள்ளி நாட்களில் அந்நேரம் வீட்டில் இருக்கும் ஒருவரைப் பழக்குங்கள். முடியாவிட்டால் காலை 6 மணியை வைத்துக்கொள்ளுங்கள். எந்த நேரம் என்பதை விட, தினமும் அதே நேரம் என்பதுதான் முக்கியம். மழை இல்லாத நாளிலும் "0" என்று எழுதுங்கள். வெற்றிடமாக விட்டால், மழை இல்லையா அல்லது அளக்கவில்லையா என்று பின்னால் யாருக்கும் தெரியாது. அளந்ததும் நீரைக் கொட்டிவிடுங்கள். தேங்கிய நீரில் டெங்கு நுளம்பு முட்டையிடும்.

கொப்பியில் திகதி, நேரம், அளந்த மில்லிலீற்றர், மில்லிமீற்றர், கடைசி மூன்று நாள் கூட்டுத்தொகை, குறிப்பு என்று நிரல்கள் போதும். குறிப்பு நிரலை வெறுமையாக விடாதீர்கள். "பீலித் தண்ணி கலங்கல்", "மேல் ரோட்டுக் கான் அடைப்பு" போன்ற ஒரு வரி பின்னால் மிகவும் உதவும்.

இனி, பலர் தவறவிடும் இடம். எச்சரிக்கை சொல்லும் 24 மணித்தியாலம் காலையில் தொடங்கிக் காலையில் முடியும் நாள் அல்ல. அது எந்தக் கணத்திலிருந்தும் பின்னோக்கி எண்ணும் 24 மணித்தியாலம். ஓர் உதாரணம். நேற்றுப் பிற்பகல் 2 மணிக்குத் தொடங்கிய மழை இன்று காலை 6 மணிக்கு 60 மில்லிமீற்றர் காட்டியது. எழுதிவிட்டு நீரைக் கொட்டிவிட்டீர்கள். மழை விடவில்லை. நண்பகல் 12 மணிக்கு மறுபடி அளந்தால் 45. கொப்பியில் 6 மணி வரியில் 60, 12 மணி வரியில் 45. இரண்டும் 75க்குக் குறைவு, பயமில்லை என்று தோன்றும். ஆனால் நேற்று 2 மணியிலிருந்து இன்று 12 மணிவரை 22 மணித்தியாலத்தில் விழுந்தது 105. நீங்கள் ஏற்கெனவே இரண்டாம் கட்டத்தைத் தாண்டிவிட்டீர்கள். அதனால் கனமழை நாட்களில் தினமொரு தடவை போதாது. மணிக்கொரு தடவை பார்த்து, கடைசி 24 மணித்தியாலக் கூட்டுத்தொகையை மறுபடி மறுபடி போடவேண்டும். போத்தலும் 150 மில்லிமீற்றரை ஒட்டி நிரம்பி வழியத் தொடங்கும் என்பதால் இடையில் அளந்து கொட்டத்தான் வேண்டியிருக்கும்.

எண் சொல்லும்போது செய்யவேண்டியது

75ஐத் தாண்டினால் மஞ்சள்: விழிப்பாக இருக்கவேண்டும். பெரியவர்களுக்குச் சொல்லுங்கள். இரவுக்கு டோர்ச், தொலைபேசி சார்ஜ் எல்லாம் பாருங்கள். 100ஐத் தாண்டினால் செம்மஞ்சள்: வெளியேறத் தயாராக இருக்கவேண்டும். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், மருந்து, பிள்ளைகளின் உடுப்பு ஒரே பையில் கதவோரம் இருக்கட்டும். நடக்க முடியாத தாத்தா பாட்டி இருந்தால், இருட்டுமுன் அவர்களை அனுப்பிவிடுவது நல்லது. 24 மணித்தியாலத்தில் 150ஐத் தாண்டினாலோ, ஒரே மணித்தியாலத்தில் 75ஐத் தாண்டினாலோ சிவப்பு: ஆபத்தான சரிவில் இருப்பவர்கள் வெளியேறவேண்டும்.

உங்கள் போத்தல் 90 காட்டும்போதே அதிகாரபூர்வமாகச் சிவப்பு அறிவித்தால் போய்விடுங்கள். அவர்கள் மழையோடு சரிவின் நிலையையும் பார்க்கிறார்கள். வீட்டு மழைமானி வெளியேறுவதை முற்படுத்துவதற்குத்தான், பிற்படுத்துவதற்கு அல்ல.

எச்சரிக்கை பிரதேச செயலகப் பிரிவுகளின் பெயரில் வரும் என்பதையும் கவனிக்கவேண்டும். நாம் தோட்டத்தின் பெயரையும் பக்கத்து டவுனையும்தான் சொல்லிப் பழகியிருக்கிறோம். அறிவிப்பிலோ அம்பகமுவ, கொத்மலை, வலப்பனை, ஹல்துமுல்ல என்று வரும். நுவரெலியா மாவட்டத்தில் பழைய பிரிவுகள் பிரிக்கப்பட்டு நோர்வூட், தலவாக்கலை போன்ற பெயர்களும் சேர்ந்திருக்கின்றன. உங்கள் லயம் எந்தப் பிரிவு, எந்தக் கிராம உத்தியோகத்தர் பிரிவு என்று இன்றே கேட்டு, கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். மண்சரிவு அபாய வரைபடத்தில் உங்கள் இடம் எப்படிக் காட்டப்பட்டிருக்கிறது என்பதையும் கிராம உத்தியோகத்தர் ஊடாகக் கேட்கலாம்.

எண் இல்லாமலே ஓடவேண்டிய நேரங்கள்

மழைமானி 40 காட்டினாலும் மலை வேறு அறிகுறி காட்டினால் மலையைத்தான் நம்பவேண்டும். நிலத்தில், குறிப்பாக லயத்துக்கு மேலே, பிறைபோல் வளைந்த புது வெடிப்பு. நேராக நின்ற மரமோ மின்கம்பமோ சாய்வது. நேற்றுவரை சாத்திய கதவு இன்று சட்டத்தில் இறுகுவது. இல்லாத இடத்தில் ஊற்றுக் கிளம்புவது, தெளிந்த பீலி கலங்கிச் சேறாக வருவது.

எல்லாவற்றிலும் மோசமானது, மழை கொட்டிக்கொண்டிருக்க ஓடை திடீரென்று வற்றுவது. மேலே எங்கோ மண் விழுந்து ஓடையை அடைத்துவிட்டது என்று பொருள். அடைப்பு உடைந்தால் நீர், கல், மரம் எல்லாம் சேர்ந்து அந்த ஓடை வழியே வரும். பார்க்கப் போகாதீர்கள். வீடியோ எடுக்கவும் போகாதீர்கள்.

சுவர் வெடிப்பு விடயத்தில் பதற்றப்படவும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். பழைய லயங்களில் வெடிப்பில்லாத சுவரே அரிது. வெடிப்பு வளர்கிறதா என்பதுதான் கேள்வி. இரண்டு பக்கமும் ஒவ்வோர் ஆணி அடித்து, இடையே உள்ள தூரத்தை வாரமொரு தடவை மில்லிமீற்றரில் அளந்து, சுவரிலேயே பென்சிலால் திகதியோடு எழுதுங்கள். மாதக்கணக்கில் மாறாத எண் பழைய வெடிப்பு. மழைக்குப் பின் கூடும் எண்ணை அன்றே கிராம உத்தியோகத்தருக்கும் தோட்ட நிர்வாகத்துக்கும் தெரிவியுங்கள். நிலத்து வெடிப்பைக் காய்ந்த நாளில் களிமண்ணால் இறுக்கி மூடினால் நீர் உள்ளே இறங்குவது குறையும். அது தற்காலிக ஏற்பாடு மட்டும். மழை பெய்யும்போது அந்த வேலைக்கு மேலே ஏறக்கூடாது.

வீட்டுக்குப் பின்னால் மண்மேட்டைச் செங்குத்தாக வெட்டியிருப்பவர்கள், கனமழை இரவில் அந்தப் பக்கத்துக் காம்பராவிலோ குசினியிலோ படுக்கவேண்டாம். பெரிய மலைச்சரிவு அபூர்வம். இந்தச் சிறு மேடு இடிந்து விழுவது ஒவ்வொரு மழைக்காலத்திலும் நடப்பது.

போகும் வழி

வெயில் நாளில் நடந்து பார்த்து முடிவுசெய்யுங்கள். மண் வருவது மேலிருந்து கீழாக. ஆகவே கீழ்நோக்கி ஓடுவதால் பயனில்லை. பக்கவாட்டில், சரிவின் பாதையை விட்டு விலகிப் போகவேண்டும். ஓடையைக் கடக்கும் வழி, வெட்டிய மண்மேட்டின் அடியால் போகும் ரோட்டு, இரண்டையும் தவிருங்கள். சேரும் இடம் கோயிலோ பாடசாலையோ, அதுவும் பாதுகாப்பானதா என்று முதலில் கேளுங்கள். பள்ளிக்கூடங்களே ஆபத்தான சரிவில் நிற்கும் தோட்டங்கள் இருக்கின்றன. யார் யாருடைய கதவைத் தட்டுவது என்று லயம் லயமாகப் பேசிவையுங்கள். இரவு இரண்டு மணிக்குத் தொலைபேசிச் சிக்னலை நம்பமுடியாது.

முகாமிலோ உறவினர் வீட்டிலோ இருக்கும்போது பீலித் தண்ணீரைக் கொதிக்கவைத்தே குடியுங்கள். சரிவுக்குப் பின் கழிவறைக் குழிகளும் நீர்வழிகளும் கலந்திருக்கலாம். வெறுங்காலோடு சேற்றில் இறங்கினால் எலிக்காய்ச்சல் வரக்கூடும், காலில் காயம் இருந்தால் இன்னும் கவனம். மழை விட்டது என்று தாமாகத் திரும்பாமல், திரும்பலாம் என்று அதிகாரிகள் சொல்லும்வரை காத்திருங்கள்.

அழைக்கவேண்டிய இலக்கம் 117, அனர்த்த முகாமைத்துவ நிலையம், எந்நேரமும். யாருக்காவது காயம் என்றால் 1990, சுவசெரிய அம்பியூலன்ஸ், கட்டணம் இல்லை. அழைக்கும்போது கொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்: மாவட்டம், பிரதேச செயலகப் பிரிவு, தோட்டம், கணக்கு, லயத்தின் இலக்கம், அங்கே எத்தனை குடும்பம், எத்தனை மணியிலிருந்து எத்தனை மில்லிமீற்றர் மழை, கண்ட அறிகுறி என்ன, எந்தப் பாதை இன்னும் திறந்திருக்கிறது.